அரைப்பேர்க் கல்வி

அமெரிக்காவில் உயர்நிலைப் பாடசாலை மாணவர், பாடசாலையை விட்டு விலகாமலே கல்லூரிப் பாடங்களையும் பயின்று, அவற்றுக்குரிய தகுதி அலகுகளைத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஒரு முறை நெடுங்காலமாக நடந்து வருகிறது. 1955இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு தொடக்கம் செய்தது. 1985இல் மினசோட்டா மாநிலம் இதைச் சட்டமாக்கியது. இன்று ஆண்டொன்றுக்கு 20 இலட்சத்துக்கும் அதிகமான மாணவர் அங்கே இவ்வாறு இரட்டைப் பதிவில் படிக்கின்றனர். பாடசாலையின் கடைசி ஆண்டில் படித்தது கல்லூரியின் முதலாண்டுக் கணக்கில் வரவாகிறது. காலமும் மிஞ்சுகிறது, கட்டணமும் மிஞ்சுகிறது.

இது ஒரு நிர்வாக ஏற்பாடு மட்டுந்தானே, இதில் அறநெறி பற்றிய கேள்விக்கு என்ன இடம் என்று வாசகர் வினவலாம். இடம் இருக்கிறது. ஓர் இளைஞன் கற்ற கல்வியை யார் கணக்கில் எடுப்பது, யார் எடுக்காமல் விடுவது என்பது சமுதாயத்தின் கைக்குள் இருக்கும் அதிகாரம். அந்த அதிகாரம் ஒருவனுடைய வாழ்வில் இரண்டு ஆண்டுகளைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். பணமுள்ளவன் வீட்டு இரண்டு ஆண்டும் லயன் காம்பராவின் இரண்டு ஆண்டும் ஒரே விலை உடையனவா? நம் மலையகத்தின் நடுவில் நின்று கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

இந்த முறையின் வித்து நமது நாட்டுக்கும் புதியதன்று. காலனி ஆட்சிக் காலத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தின் புறநிலைத் தேர்வுகளை இலங்கையிலிருந்தே எழுத முடிந்தது. லண்டன் இன்டர்மீடியட் என்பது பட்டத்தின் முதற்படி. கொழும்பில் 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரை லண்டன் பட்டத்துக்கே ஆயத்தம் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் பாடசாலையும் லண்டன் பட்ட வகுப்பும் ஒரே வளாகத்தில் இயங்கின. பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த மதிற்சுவரில் சிலருக்கு அன்றே ஒரு வாயில் திறந்திருந்தது என்பது இதன் பொருள்.

அதே காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை என்ன? 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் 6 வயது முதல் 10 வயது வரையான தோட்டக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தின. பத்து வயதுக்குப் பிறகு? அதைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. பேசவேண்டிய அவசியம் துரைமாருக்கு இருக்கவில்லை. பத்து வயதுக் கை கொழுந்து கிள்ளும் வயதை நெருங்கிவிட்ட கை. கொழுந்துக் கூடையைச் சுமக்க வேண்டியவருக்குப் பெயர் எழுதத் தெரிந்தால் போதும் என்பதே தோட்ட முதலாளித்துவத்தின் கல்விக் கொள்கை. அது அறியாமையால் நேர்ந்த தவறு என்று கருதுவது பேதைமை. மலிவான உழைப்பின்மேல் நின்ற ஒரு தொழிலுக்கு அது கணக்கிட்டுப் போடப்பட்ட வேலி.

1945இல் இலங்கை முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரை நாடு இன்றும் நன்றியுடன் சொல்கிறது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒளிவட்டத்தின் விளிம்பு தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவனுடைய பிள்ளைக்குப் பாடசாலை எதற்கு என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செயலில் அதுவே நடந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1977இல்தான் தொடங்கியது; அதுவும் படிப்படியாகவே நடந்தது. நாடற்றவர் என்ற கறை முழுவதும் நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏனைய சமூகத்தார் மூன்று தலைமுறைகளாக ஏறிவந்த ஏணியில் மலையகத்தான் நேற்றுத்தான் கால் வைத்தான் என்றால் அது மிகையன்று.

இந்தப் பின்னணியை மனத்திற்கொண்டு இன்றைய நிலையைப் பார்ப்போம். க.பொ.த. சாதாரண தரம் முடித்த பிள்ளைக்குக் கொழும்பில் வேறொரு பாதை இருக்கிறது. தனியார் கல்வி நிலையங்கள் அடிப்படைப் பாடநெறி என்ற பெயரில் உயர்தரத் தேர்வைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழியைத் திறந்து வைத்துள்ளன. அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருப்பவன் முதலாண்டில் கால் வைக்கும் வயதில், இந்த வழியால் போனவன் பட்டத்தோடு வெளியே வந்துவிடுகிறான். அந்த வழிக்குச் சுங்கம் இலட்சக்கணக்கான ரூபாய். தோட்டத் தொழிலாளி நாளொன்றுக்கு 1,000 ரூபாய் பெறுவதற்கே பல ஆண்டுகள் போராடி, 2021இல் சம்பளச் சபையின் தீர்மானம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு மாதம் முழுவதும் உழைத்தாலும் அச்சுங்கச்சாவடியின் கதவைத் தட்டக்கூட முடியாது.

எனவே இரட்டைப் பதிவு முறை நம் நாட்டில் இல்லை என்பது சரியன்று. அது இருக்கிறது, சந்தையில் விற்பனைக்கு இருக்கிறது. பணக்காரன் காலத்தை வாங்குகிறான். ஏழை தன் காலத்தைக் கொடுத்துக் காத்திருக்கிறான்.

காத்திருப்பு என்பதும் எல்லோருக்கும் ஒன்றன்று. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரத் தேர்வு 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே நடந்தது. அதன்பின் பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு, விரிவுரைத் தொடக்கம் என்று ஒவ்வொரு படியிலும் மாதங்கள் கழிகின்றன. இந்த இடைவெளியில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் கற்கிறது, கணினி கற்கிறது, வெளிநாட்டு விண்ணப்பம் எழுதுகிறது. ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ உள்ள தொழிலாளியின் மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் பஸ் ஏறுகிறான். மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். கடைக்குப் போனவன் பல்கலைக்கழகக் கடிதம் வரும்போது திரும்பி வருவான் என்பதற்கு உறுதியில்லை. வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிய பணத்தை நிறுத்துவது எளிதன்று. ஒருவனுக்குக் காத்திருப்பு ஆயத்தம். மற்றவனுக்கு அதுவே படிப்பின் முடிவு.

மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்பார் சிலர். நுவரெலியா கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டிருப்பது உண்மை. அதனால் விளைந்த நன்மையையும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் மாவட்டம் என்பது நிலப்படத்தில் வரைந்த கோடு. வர்க்கம் அந்தக் கோட்டுக்குள்ளும் இருக்கிறது. உயர்தர விஞ்ஞான வகுப்பு நடத்தக்கூடிய தமிழ்ப் பாடசாலைகள் சில நகரங்களைச் சுற்றியே இருக்க, மலையிறங்கி நெடுந்தூரம் நடந்து பஸ் பிடிக்கவேண்டிய தோட்டத்துப் பிள்ளைக்குக் கோட்டாவின் கதவு வரை வந்து சேர்வதே பெரும்பாடு.

பொதுத் துறையில் இரட்டைப் பதிவுக்கு அருகில் வரும் திட்டம் ஒன்று உண்டு. 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற பெயரில் 2017இல் 42 பாடசாலைகளில் அது தொடங்கப்பட்டது. சாதாரண தரத்தில் தேறினாலும் தேறாவிட்டாலும் மாணவன் 12, 13ஆம் வகுப்புகளுக்குச் செல்லலாம். பொதுப் பாடங்களோடு தொழிற் பாடங்களைக் கற்று, பயிற்சியின் முடிவில் தேசிய தொழிற்றகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழைப் பெறலாம். அத்தகைமை வரிசை 7 மட்டங்கள் கொண்டது. 5உம் 6உம் டிப்ளோமாவுக்கு உரியவை. 7ஆவது பட்டத்துக்கு நிகர். 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகம் இரத்மலானையில் அந்த உச்சிப் படியில் நிற்கிறது. ஏட்டில் பார்த்தால் லயத்து வாசலிலிருந்து பட்டம் வரை ஓர் ஏணி நிமிர்ந்து நிற்கிறது.

இத்திட்டத்தைப் பற்றி முற்போக்கு எண்ணம் கொண்ட ஆசிரியரிடையே இரண்டு கருத்துகள் உண்டு. தொழிலாளியின் பிள்ளைக்குத் தொழிற்கல்வி, முதலாளியின் பிள்ளைக்குத் தத்துவமும் மருத்துவமும் என்று பிரித்து வைக்கும் சூழ்ச்சி இது. 1907ஆம் ஆண்டின் பத்து வயது வேலியைப் பதினெட்டு வயதுக்கு நகர்த்தி நட்டதே இதன் சாதனை என்று ஒரு சாரார் கூறுகின்றனர். பசித்த வயிற்றுக்குத் தத்துவம் சோறாகாது. கைத்தொழிலும் சான்றிதழும் உள்ள இளைஞன் கொழும்புக் கடையில் மூட்டை தூக்க வேண்டியதில்லை என்று மற்றொரு சாரார் வாதிடுகின்றனர்.

இரு கருத்திலும் உண்மை உண்டு. இரண்டும் பாதி உண்மை. உழைப்பையும் கல்வியையும் இணைப்பது இழிவு என்று எந்தச் சோஷலிஸ்டும் சொல்ல முடியாது. ராபர்ட் ஓவனின் முயற்சியைச் சுட்டி, உற்பத்தி உழைப்போடு இணைந்த கல்வியிலே வருங்காலக் கல்வியின் முளையைக் கண்டவர் மார்க்ஸ். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே நடுவில் வைத்தது. 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தம் நம் நாட்டில் எல்லாப் பாடசாலைகளிலும் தொழில்முன் பாடத்தைப் புகுத்தியது. அதில் குறைகள் இருந்தன; 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. எனினும் அதனுள் ஒரு நியாயம் இருந்தது: டாக்டரின் மகனும் அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியிருந்தது. எல்லோரும் கற்கும்போது தொழிற்கல்வி மனிதனை முழுமையாக்கும். ஏழை மட்டும் கற்கும்போது அதுவே அவன் நெற்றியில் ஒட்டிய சாதிச் சீட்டாகிவிடும். ஆகவே குற்றம் கைத்தொழிலில் இல்லை. யார் அதைக் கற்கவேண்டும் என்று தீர்மானிக்கும் கையிலே இருக்கிறது.

தோட்டத்து வழக்கில் ஒரு சொல் உண்டு: பேர். பிரட்டுக்களத்தில் கூடி, மலையேறி, குறித்த அளவு கொழுந்து கொய்தால் அன்றைய கணக்கில் ஒரு பேர் விழும். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர். நாள் முழுவதும் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்றவளுக்கு, அவள் நின்ற நேரத்தில் பாதி இல்லாமற் போய்விடும். தோட்டத் தாய்க்கு அரைப்பேரின் அநீதியை எவரும் விளக்க வேண்டியதில்லை. அவளுடைய பிள்ளையின் கல்வியிலும் அதே அரைப்பேர் விழுகிறது என்பதைத்தான் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். 2014, 2015 ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்கவென்று, உயர்தரம் தேறிய மலையக இளைஞர் சுமார் 3,000 பேர் உதவி ஆசிரியராக நியமிக்கப்பட்டனர். ஆசிரியரின் முழு வேலையும் அவர்கள் செய்தனர். கூடவே பயிற்சியும் பெறவேண்டியிருந்தது. கிடைத்ததோ தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபாய், பின்னர் 10,000 ரூபாய்க் கொடுப்பனவு. படிப்பும் வேலையும் ஒருங்கே நிகழ்ந்த இரட்டைப் பதிவு அது. கனெக்டிகட் மாணவனுக்கு இரட்டைப் பதிவு காலத்தை மிச்சப்படுத்தியது. இவர்களுக்கோ அது இளமையை விழுங்கியது. வகுப்பறையில் நின்ற ஆண்டுகள் அரைப்பேராகவே எழுதப்பட்டன.

அமெரிக்காவை நாம் பொன்னாக எண்ணி மயங்க வேண்டியதில்லை. அங்கும் இந்த வசதியைப் பெறுவோரில் கறுப்பின மாணவரும் ஏழை மாணவரும் தம் தொகைக்கேற்ற பங்கைப் பெறவில்லை என்பதை அந்நாட்டு ஆய்வாளரே எடுத்துக் காட்டுகின்றனர். நல்ல பாடசாலை உள்ள இடத்தில் நல்ல வாய்ப்பும் மிகுதியாகச் சேர்கிறது. சமத்துவமற்ற மண்ணில் நட்ட எந்தச் செடியும் மேட்டு நிலத்தானுக்கே முதலில் காய்க்கிறது. ஆதலால் முறையை இறக்குமதி செய்வதால் மட்டும் நீதி வந்துவிடாது.

அப்படியாயின் நாம் வேண்டுவது என்ன? முதலாவது, பாடசாலையில் கற்ற ஒவ்வோர் அலகும் மேற்படியில் முழுமையாக எண்ணப்பட வேண்டும். 4ஆம் மட்டத்தோடு நிற்கும் ஏணி ஏணியாகாது, அது பரண். இரண்டாவது, அந்தக் கல்வி தமிழிலே, தமிழில் கற்பிக்கத் தெரிந்த பயிற்றுநராலே, மலையிலிருந்து அன்றாடம் போய்வரக் கூடிய தூரத்திலே கிடைக்க வேண்டும். கொட்டகலையிலும் பத்தனையிலும் ஆசிரியர் கல்வி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் வகுப்பறைகளில் உயர்தர மாணவர் விடுமுறை நாளில் ஒரு முதலாண்டுப் பாடத்தைக் கற்று, அது பின்னர் அவர்கள் கணக்கில் சேர்வதற்குத் தடையாக நிற்பது மனமின்மையே. மூன்றாவது, இந்த வாய்ப்பு தேசியப் பாடசாலைக்கும் தோட்டப் பாடசாலைக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வசதியுள்ளவன் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒதுக்கும் திட்டத்தை ஏழைக்கு மட்டும் பரிந்துரைப்பது உதவியாகாது, அது தீர்ப்பு. நான்காவது, காத்திருக்கும் மாதங்களுக்கு உதவித்தொகை வேண்டும். வயிறு காத்திருக்காது என்பதை அறியாத கல்வித் திட்டம் எதுவும் தோட்டத்தில் வேர்பிடிக்காது.

இவற்றைத் தருவது அரசின் கருணை என்று எவரும் எண்ண வேண்டாம். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை துண்டு என்ற ஒரு காகிதம் தோட்டத்தில் ஆட்சி செய்தது. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அதைத் தீர்க்காமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. பிறந்தவனைக் கடனாளியாகவே எண்ணிய ஏற்பாடு அது. உண்மையில் கடன் பட்டவர் யார்? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏற்றுமதியான தேயிலையின் ஆதாயத்தில் சாலையும் ரயிலும் துறைமுகமும் பிற ஊர்களின் பாடசாலைகளும் எழுந்தன. அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் நாடு மலையகத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. அக்கடனைப் பிள்ளைகளின் கல்வியாகவே திருப்பிச் செலுத்த முடியும்.

ஆசிரியரும் மாணவரும் இதற்குச் செய்யக் கூடியது உண்டு. தன் வகுப்பில் இருந்து இடையில் மறைந்த பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் கோடிட்டு அடிப்பதோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடுவதில்லை. அந்தப் பெயர் எங்கே போயிற்று என்று ஊரறியக் கேட்கவேண்டும். பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்த மலையக மாணவன் தன் வெற்றியைத் தனித் திறமையின் விளைவாக மட்டும் கருதாமல், தன்னோடு படித்துக் கடைக்குப் போனவனின் இழந்த ஆண்டுகளையும் தன் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கொழுந்தின் கிலோவோடு பிள்ளையின் கல்வி ஆண்டையும் வைத்துப் பேச வேண்டும்.

உழைத்தவனுக்கு முழுப் பேர் போடு என்பது பழைய போராட்டக் குரல். கற்றவனுக்கும் முழுப் பேர் போடு என்பது அதன் அடுத்த அடி. முதலாவதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டவர் இரண்டாவதை மறுக்க முடியாது.