துறவு வேறு, அலட்சியம் வேறு

ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில், தமிழக எல்லையை ஒட்டி, நகரிக்கு அருகே விஜயபுரம் என்னும் ஊர் உள்ளது. வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் அப்பகுதியில் பல உண்டு. அத்தகைய ஒரு வீட்டில் நடந்த நிகழ்ச்சி இது.

அவ்வீட்டுப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தாலாட்டுகளும் மார்கழி பஜனைப் பாடல்களும் இரு மொழிகளிலும் அவரது நாவில் குடியிருந்தன. பேரன் அவற்றைக் கைபேசியில் பதிவு செய்து, வீட்டிலிருந்த கணினிக்கு மாற்றினான். கைபேசியில் இடம் போதவில்லை என்று அங்கிருந்தவற்றை அழித்துவிட்டான். 'கம்ப்யூட்டரில் இருக்கிறதே' என்ற நம்பிக்கை. சில மாதங்களில் பாட்டி இறைவனடி சேர்ந்தார்.

முதலாண்டுத் திதியன்று பாட்டியின் குரலைக் கேட்க வேண்டும் என்று அனைவரும் விரும்பினர். பேரன் கணினியை இயக்கினான். மின்விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது. கருந்திரையில் ஒரு வெள்ளை வரி மட்டும் தோன்றி நின்றது. உள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஓசை. பதற்றத்தில் அவன் பத்துப் பதினைந்து முறை அணைத்து அணைத்து மீண்டும் இயக்கினான். பயனில்லை.

அவனது துயரத்தைக் கண்ட மாமா ஆறுதலாகச் சொன்னார்: "உலகில் எல்லாமே அழியக்கூடியவைதானே, அப்பா! பாட்டியே போய்விட்டார், குரல் போனால் என்ன? பற்றை விடு."

பேரனின் மனம் அமைதியடையவில்லை. 'நான் வருந்துவது பற்றினாலா? அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட குற்ற உணர்வினாலா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டான். நாம் அனைவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

எச்சரிக்கை வந்தது

அந்தக் கணினி முன்னறிவிப்பின்றி நின்றுவிடவில்லை. ஒரு மாதமாகவே, இயக்கும்போதெல்லாம், ஹார்ட் டிஸ்க் பழுதடைந்து வருகிறது, உள்ளிருப்பவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பு திரையில் வந்துகொண்டிருந்தது. அவன் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மேலே சென்றான். ஒவ்வொரு நாளும் 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று தோன்றியது.

ஹார்ட் டிஸ்க் என்பது காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் ஒரு கருவி. தகவலைப் படிக்கும் முனை அத்தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதந்து செல்கிறது. தட்டில் ஓரிடம் கெட்டால், அதற்கென ஒதுக்கி வைத்துள்ள மாற்று இடத்தைக் கருவி ஓசையின்றிப் பயன்படுத்திக்கொள்கிறது. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மாற்று இடங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை நெருங்கும்போதுதான் எச்சரிக்கை வருகிறது.

மனிதனின் ஒழுக்கமும் இவ்வாறே தேய்கிறது. முதல் பொய்யை மனம் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. இரண்டாவதையும் சமாளிக்கிறது. மனசாட்சி தரும் எச்சரிக்கையை ஒரு பொத்தானை அழுத்தி மறைத்துவிட்டு நாம் மேலே செல்கிறோம். வீழ்ச்சி வரும்போது 'திடீரென்று வந்தது' என்கிறோம்.

பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஸ்ரீகிருஷ்ணர் மனிதனின் வீழ்ச்சியைப் படிப்படியாகக் காட்டுகிறார். அதில் ஒரு முக்கியமான படி நினைவு தவறுதல். அதன் பின்னரே புத்தி கெடுகிறது. அந்தக் கணினியின் நிலையும் அதுதான். அதன் உறுப்புகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. தான் யார், செய்ய வேண்டியது என்ன என்ற நினைவு மட்டும் அதற்குக் கிடைக்கவில்லை.

முதலில் காப்பாற்று

நகரியில் கணினி பழுது பார்க்கும் நண்பர் ஒருவரைப் பேரன் தொலைபேசியில் அழைத்தான். அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, இனிமேல் அதை ஆன் பண்ணாதே. ஒவ்வொரு முறை சுழலும்போதும் சேதம் கூடும்."

பிறகு நேரில் வந்தார். இணைப்புக் கம்பிகள் சரியாக உள்ளனவா, கணினிக்கு ஹார்ட் டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்தார். அதைக் கழற்றி வேறொரு கணினியில் துணை டிஸ்காக இணைத்தார். "பிழை திருத்தும் புரோகிராம் ஒன்று இருக்கிறதே, அண்ணா, அதை ஓட்டலாமா?" என்று பேரன் கேட்டான். "வேண்டாம். அது இந்த டிஸ்கிலேயே எழுதும். உயிருக்குப் போராடுபவரிடம் வேலை வாங்கக் கூடாது. கிடைப்பதை முதலில் வேறு இடத்திற்கு எடுப்போம். திருத்தம் செய்வதைப் பிரதியில் செய்துகொள்ளலாம்" என்றார்.

முதலில் காப்பாற்று, பிறகு திருத்து. குடும்பத்தில் ஒருவர் தவறு செய்தால், நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். உடைந்து நிற்பவரையே மேலும் மேலும் உலுக்குகிறோம்.

இரவு முழுவதும் முயன்றதில் பாதிப் பாடல்கள் கிடைத்தன. ஒரு தாலாட்டு நடுவிலேயே அறுந்து நின்றது. மற்றவை போய்விட்டன.

பரதனின் பற்றின்மை

இப்போது மாமாவின் சொல்லுக்கு வருவோம். எல்லாம் அழியக்கூடியவை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை எப்போது சொல்கிறோம் என்பது முக்கியம். காக்க வேண்டியதைக் காக்க எல்லா முயற்சியும் செய்த பிறகு சொன்னால் அது ஞானம். முயற்சியே செய்யாமல் சொன்னால் அது சோம்பல் அணிந்துகொண்ட காவி உடை.

பரதனை நினைத்துப் பாருங்கள். அரசின்மீது அவனுக்குத் துளியும் ஆசையில்லை. ஆனாலும் ஸ்ரீராமரின் பாதுகைகளை முன்வைத்து, பதினான்கு ஆண்டுகள் நந்திக்கிராமத்திலிருந்து அரசைக் காத்தான். 'எனக்குத்தான் பற்றில்லையே' என்று அயோத்தியைக் கைவிட்டானா? தனக்கு என்று இல்லாததால்தான் அவ்வளவு கவனமாகக் காத்தான். அது அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்.

பாட்டியின் பாடல்களும் அப்படியே. அவை பேரனின் உடைமையல்ல. பாட்டியின் உடைமையும் அல்ல. பல தலைமுறைத் தாய்மார்கள் தந்து, இன்னும் பிறக்காத குழந்தைகளுக்குச் சேர வேண்டியவை. நம் பொருளை நாம் துறக்கலாம். அடைக்கலமாக வந்த பொருளைத் துறக்க நமக்கு உரிமையில்லை.

1900 ஜனவரி 4 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆற்றிய சொற்பொழிவில் சுவாமி விவேகானந்தர், குறிக்கோளில் செலுத்தும் கவனத்தை வழிமுறைகளிலும் செலுத்த வேண்டும் என்பதையே பெரும் பாடமாக எடுத்துரைத்தார். பயனில் பற்றின்மை, செயலில் முழுக்கவனம்: கர்மயோகம் இவ்விரண்டும் சேர்ந்தது.

செப்பேடும் நாவும்

விஜயபுரம் மக்கள் அடிக்கடி சென்று வணங்கும் திருமலையிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று உள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாளப்பாக்கம் அன்னமாச்சாரியர் திருவேங்கடமுடையான்மீது 32,000 கீர்த்தனைகள் பாடினார் என்பது மரபு. அவரது சந்ததியினர் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்து, திருமலைக் கோயிலில் ஒரு சிறிய அறையில் வைத்தனர். சில நூற்றாண்டுகள் கழித்து, 1920களில்தான் அவை அறிஞர்களின் கவனத்திற்கு வந்தன. இன்று 12,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்துள்ளன.

செம்பு சொற்களைக் காத்தது. ஆனால் ஏடுகளில் ராகத்தின் பெயர் இருந்ததே தவிர, பாடும் மெட்டு பெரும்பாலும் இல்லை. மெட்டு வாழ்ந்தது பாடுவோரின் தொண்டையில். அந்தச் சங்கிலி அறுந்தபோது மெட்டும் மறைந்தது. இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பெரும்பாலானவை, இருபதாம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் புதிதாக அமைத்தவை.

வேதத்தைக் காத்த நம் முன்னோர் வேறு வழி கண்டனர். கனபாட முறையில் இரு சொற்களை முன்னாகவும் பின்னாகவும், பிறகு மூன்று சொற்களை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஓதுவார்கள். ஒரு சொல், ஒரு ஸ்வரம் பிறழ்ந்தாலும் உடனே தெரிந்துவிடும். ஒருவர் மறந்தால் மற்றவர் திருத்துவார். இந்த வேத ஓதும் மரபை 2003இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

ஆகவே பிரதிகள் எடுத்து வைப்போம். ஒன்று வீட்டுக் கணினியில், ஒன்று தனி டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். அது நம் கடமை. ஆனால் இன்னொரு பிரதியும் வேண்டும். அது நம் நாவிலும் வாழ்விலும் இருக்க வேண்டும். 'கம்ப்யூட்டரில் இருக்கிறதே' என்று அந்த வீட்டில் ஒருவரும் அப்பாடல்களைப் பாடவில்லை. நூல் அலமாரியில் இருக்கிறதே என்று நாமும் கீதையை ஓதாமல் இருக்கிறோம் அல்லவா?

அன்று அறுந்து நின்ற தாலாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த பேரனின் தாய், சற்று நேரம் கண்மூடி இருந்தார். பிறகு மெல்லிய குரலில் மீதி வரிகளைப் பாடினார். இன்னும் இரண்டு பாடல்கள் அவருக்கு நினைவு வந்தன. மற்றவை வரவில்லை. அந்த மூன்றையும் இப்போது அவ்வீட்டுக் குழந்தைகள் பாடுகிறார்கள்.

போனது போனதுதான். அதை இறைவனிடம் விட்டுவிடுவது பற்றின்மை. இருப்பதை இன்றே காப்பது வழிபாடு. இவ்விரண்டையும் பிரித்தறியும் புத்தியை நமக்கு இறைவன் அருள்வாராக!