விளையாட்டும் வினையும்

வைகாசிப் பௌர்ணமி வழிபாடு முடிந்தபின், மர்பி டவுனில் நம் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வில்லத்துச் சிறுவன் முகம் வாடியிருக்கக் கண்டு காரணம் வினவினோம். அவனும் அதே தெருவைச் சேர்ந்த நண்பர் நால்வரும் 'மைன்கிராஃப்ட்' என்னும் கணிப்பொறி விளையாட்டில் மூன்று மாத காலமாக ஒரு நகரை எழுப்பி வந்தனராம். வீடுகள், வயல்கள், ஒரு நூல்நிலையம், நடுவே ஒரு விகாரை. ஐவருள் ஒருவன் ஓரிரவு, மற்றையோர் உறங்கும் வேளையில் உட்புகுந்து, அனைத்தையும் தீக்கிரையாக்கினான். மறுநாள் கேட்டபோது, "விளையாட்டுத்தானே!" என்று நகைத்தானாம்.

சிறுவனின் தந்தையார் நம்மை நோக்கி, "ஐயா, இதனைப் பாவம் என்பதா, பிள்ளை விளையாட்டென்று விடுவதா? மெய்யாக ஒரு கல்லும் பெயரவில்லை. ஓர் ஈயும் சாகவில்லையே!" என்றார். அன்று நம்மால் தக்க விடை கூற இயலவில்லை. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வகை ஆட்டங்களை ஆங்கிலத்தார் 'சேண்ட்பாக்ஸ்' என்பர். சிறுவர் விளையாடும் மணற்பெட்டி என்பது அதன் பொருள். சதுரங்கத்தைப் போல் இதற்கு வெற்றி தோல்வி என்னும் முடிவில்லை. மண்ணை அகழலாம், மரம் வெட்டலாம், மனம்போல் கட்டலாம். இணையத்தின் வழியே பல நாட்டாரும் ஒரே உலகில் கூடி ஆடலாம். அங்கே பிறர் ஆக்கியதை அழித்தும், வழிமறித்துத் துன்புறுத்தியும், அவர்தம் துயரையே தம் ஆட்டமாகக் கொள்ளுதலுக்குக் 'கிரீஃபிங்' என்று பெயர். 'கிரீஃப்' என்பது துயரம். பகவான் முதல் வாய்மையாக உணர்த்திய துக்கத்தை, ஒருவன் விளையாட்டுப் பொருளாக மற்றொருவனுக்கு வழங்குகிறான் என்க.

தமிழருக்கு இது புதிதன்று. சிறுமியர் மணலிற் கட்டிய சிற்றிலைச் சிறுவன் காலாற் சிதைத்த செய்தி கலித்தொகையில் உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் 'சிற்றிற் பருவம்' என ஒரு பருவமே உண்டு. தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டாமெனச் சிறுமியர் இறைஞ்சுவதாகவே அப்பாடல்கள் அமைந்தும், கேட்பவர் உள்ளம் சிதைக்கும் பிள்ளையின் அழகிலேயே திளைக்கிறது. கட்டியவளின் பக்கம் நின்று பார்க்க நாம் பழகவில்லை.

முதற்கண் எதிர்வாதத்தை நேர்மையுடன் எடுத்துரைப்போம். கொல்லாமை என்னும் சீலம் கெடுவதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டுமென நம் முன்னோர் வகுத்துள்ளனர். ஓர் உயிர் இருத்தல், அஃது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் சாவு என்பன அவை. திரையில் வீழ்வது ஓர் உருவமேயன்றி உயிரன்று. ஆகலின் முதற் சீலம் அங்கே கெடவில்லை. இருவர் உடன்பட்டுத் திரையிற் பொருதுவது, சதுரங்கத்தில் யானையை வெட்டுவது போன்றதே. தம் பிள்ளை ஆட்டத்தில் வாளெடுத்ததற்காகவே அவனைக் கொலைஞனாகக் கருதி அஞ்சும் பெற்றோர் அவ்வச்சத்தை விடுக.

ஆயின் மர்பி டவுனில் எரிந்தது யாது? எரிந்த சுவர் பொய். அதனைக் கட்டிய மாலைப்பொழுதுகள் மெய். ஐவரிடையே இருந்த நம்பிக்கை மெய். மறுநாட் காலை அச்சிறுவன் வடித்த கண்ணீர் மெய். துன்புற்றவன் உருவமல்லன், உயிருள்ள மனிதன்.

"ஆட்டத்தின் விதி தடுக்கவில்லையே" என்பார் சிலர். 2006ஆம் ஆண்டில் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் ஆட்டத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. உடன் ஆடிவந்த ஒருவர் மெய்யுலகிலேயே இறந்துபோனார். அவருடைய தோழர்கள் முன்னரே அறிவித்து, அவ்வாட்ட உலகின் ஓரிடத்தில் ஆயுதமின்றிக் கூடி அஞ்சலி செலுத்தினர். வேறொரு குழுவினர் அவ்வறிவிப்பைக் கண்டு பாய்ந்து வந்து, கூடியிருந்தோரை வெட்டி வீழ்த்தி, அதனைப் படமெடுத்தும் பரப்பினர். அவ்விடத்தில் போர் புரிய விதி இடம் தந்தது. விதி இடந்தந்தமையால் அச்செயல் நற்செயலாகிவிடுமோ? இழவு வீட்டிற் புகுந்து கூத்தாடலாகாது என்பதற்கு எழுதிவைத்த சட்டம் வேண்டுமோ?

கன்மத்தின் உயிர்நிலை சேதனை, அதாவது எண்ணித் துணிதல், என்பது ததாகதர் கொள்கை. மெய்யுலகில் தீச்செயலோடு பசியும் அச்சமும் நிலத்தகராறும் கலந்திருக்கும். பசித்தவன் திருடினான் என்றால் நாம் பாதியேனும் மன்னிக்கிறோம். திரையுலகிலோ பசியில்லை, பங்காளி வழக்கில்லை, அழித்தவனுக்கு ஒரு காசு ஊதியமும் இல்லை. எல்லாச் சாக்கும் நீங்கியபின் எஞ்சி நிற்பது எண்ணம் ஒன்றே. ஆகவே, 'மெய்யன்று' என்னும் வாதம் அவ்வெண்ணத்தை மறைக்கவில்லை, ஆடையின்றி நிறுத்துகிறது.

இனி, விளைவு யாது என்பதைக் காண்போம். ரிச்சர்டு கேரியட் என்பார் 1985ஆம் ஆண்டில் 'அல்டிமா' வரிசையின் நான்காம் ஆட்டத்தை வெளியிட்டார். வாய்மை, இரக்கம், நீதி, பணிவு முதலிய எட்டு அறங்களில் தேர்வதே அதன் குறிக்கோள். கண்ணற்ற வணிகரிடம் விலை குறைத்துக் கொடுத்து ஏய்த்தால், அறக்கணக்குக் குறையும். அது தனியொருவர் ஆடும் ஆட்டம். 1997இல் அதே உலகைப் பல்லாயிரவர் கூடி ஆடுமாறு 'அல்டிமா ஆன்லைன்' வந்தது. நகரெல்லைக்கு வெளியே கொலையும் கொள்ளையும் மலிந்தன; புதிதாய் வந்தோர் முதலில் பலியாயினர். பின்னர் ஒரு விதி வகுத்தனர். ஐந்து கொலை செய்தவன் பெயர் செந்நிறமாகும். நகருட் புகுந்தால் காவலர் அவனை வீழ்த்துவர்.

இவ்விதி நம் கருத்தைக் கவர்ந்தது. வசல சூத்திரத்தில் பகவான் அக்கிக பாரத்துவாசனுக்கு உணர்த்தியது இதுவன்றோ? பிறப்பினால் எவனும் இழிந்தவனாகான்; செயலினாலேயே ஆவான். அவ்வாட்டத்தில் எவரும் எவரையும் குலம் கேட்பதில்லை. செந்நிறப் பெயர் தந்தைவழி வந்ததன்று; தன் கையால் தேடியது. பிறப்பென்னும் பொய் அளவுகோலால் தலைமுறை தலைமுறையாய் அளக்கப்பட்ட நமக்கு, அது எளிதாகக் கடந்துபோகும் செய்தியன்று.

ஆயினும் அவ்விதியிலும் ஒரு குறை இருந்தது. விளையாட்டிற் கழியும் மணிக்கணக்கைக் கொண்டு கொலைக்கணக்குத் தேய்ந்துவிடும். சிலர் ஆட்டத்தை ஓடவிட்டு வாளாவிருந்தே தம் பழியைத் தேய்த்தனர். தண்டனை கட்டணமாயிற்று, மனம் மாறவில்லை. இறுதியில் 2000ஆம் ஆண்டில் அவ்வுலகை இரண்டாக்கி, ஒன்றில் உடன்பாடின்றி ஒருவரையொருவர் தாக்க இயலாதவாறு செய்தனர். அங்கே தீமை நிகழ வழியில்லை. ஆயின் தீமை செய்ய இயலாமை வேறு. செய்ய இயன்றும் செய்யாமை வேறு. சீலம் என்பது பின்னதே.

மைன்கிராஃப்டிலும் எவர், எந்நேரம், எக்கல்லைப் பெயர்த்தார் என்று பதியவும், அழிந்ததை நொடியில் மீட்கவும் கருவிகள் உண்டு. அக்கருவி கல்லை மீட்கும். கட்டியவனின் நம்பிக்கையை மீட்காது. அதே ஆட்டத்தில் 2010இல் தோன்றிய 'டூ பில்டர்ஸ் டூ டூல்ஸ்' என்னும் உலகில் விதி என்பதே இல்லை. புதிதாய் வருவோர் தோன்றும் இடம் வெறும் பாழ்நிலம். ஆயினும் பலர் அப்பாழைக் கடந்து நெடுந்தொலைவு நடந்து, எவரும் அறியாத இடத்தில் பெருங்கட்டடங்களை எழுப்பினர். காப்பார் இல்லாவிடத்தும் கட்டும் மனம் கட்டியது என்பது நமக்கு ஆறுதல்.

"பற்றறுக என்று போதிக்கும் பௌத்தர், திரையில் ஒரு நகர் எரிந்ததற்கு வருந்தலாமோ?" என்று ஒருவர் வினவக்கூடும். சம்யுத்த நிகாயத்தில் இராதர் என்னும் பிக்குவுக்குப் பகவான் கூறிய உவமை ஒன்றுண்டு. சிறுவர் சிறுமியர் மணல் வீடு கட்டி ஆடுகின்றனர். ஆசை உள்ளளவும் அவற்றைப் பேணுகின்றனர். ஆசை அற்றபோது தாமே கையாலும் காலாலும் கலைத்துவிடுகின்றனர். அவ்வண்ணமே ஐங்கந்தங்களில் உள்ள பற்றையும் கலைக்க வேண்டுமென்பது உபதேசம். ஊன்றி நோக்குக. அச்சிறுவர் கலைத்தது தத்தம் வீட்டை; அயலான் வீட்டையன்று. தானே விடுவது துறவு; பிறன் கையால் போவது பறிமுதல். அநித்தியம் இழந்தவனுக்கு மருந்தாகலாம். அழித்தவனுக்கு அது சாக்காகாது.

'விளையாட்டுத்தானே' என்னும் சொல்லை நாம் வேறிடத்திலும் கேட்டிருக்கிறோம். பள்ளியிலும் தொழிற்சாலையிலும் நம்மவரை இழித்துரைத்தபின், முகம் சிவக்கக் கண்டால், "கேலிக்குச் சொன்னேன்" என்பர். அக்கேலியின் கனம் சொன்னவன் தோளில் ஒருநாளும் ஏறியதில்லை. அதனைச் சுமந்தறிந்த நாம், நம் பிள்ளைகள் அதே சொல்லை மற்றொருவர்மேல் வீச வாளாவிருத்தல் தகுமோ?

மறுவாரம் பெற்றோர் இசைவுடன், எரித்த சிறுவனைக் கண்டு பேசினோம். "உன் தோழன் அழுவான் என்று உனக்குத் தெரியாதா?" என்றோம். சற்று நேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, "தெரியும் ஐயா, தெரிந்துதான் செய்தேன்" என்றான். அவ்விடை நம்மைத் திடுக்கிடச் செய்தது. எனினும், 'விளையாட்டுத்தானே' என்பதைக் காட்டிலும் அது மேலானது. நான்காம் சீலம் அவனிடம் உயிரோடிருந்தது.

மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். அங்குலிமாலரைப் பகவான் சங்கத்தில் ஏற்றார். எனினும் பிச்சைக்குச் சென்ற தெருவில் அவர்மேற் கற்கள் விழுந்தபோது, பொறுத்துக்கொள்ளுமாறே பணித்தார். ஏற்றலும் வேண்டும், விளைவைத் தாங்கலும் வேண்டும். ஆகவே அவனை விலக்க வேண்டாமென்றோம். நகரின் பழைய படி ஒன்று இருந்தது, நொடியில் மீட்டிருக்கலாம். வீடுகளை மட்டும் அவ்வாறு மீட்டு, விகாரையை அவனே ஒவ்வொரு கல்லாக எழுப்ப வேண்டுமென்றும், மற்றையோர் ஏளனம் செய்யலாகாதென்றும் கூறினோம். ஐவரும் இசைந்தனர். இதனை எழுதும் நாளில் சுவர் பாதியளவு எழுந்துள்ளது. அவர்கள் இன்னும் முன்போல் நகைத்துப் பேசுவதில்லை.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். 'எத்தனை மணி நேரம் ஆடினாய்?' என்பதோடு நில்லாது, 'இன்று அங்கே எவரை மகிழ்வித்தாய், எவரை வருத்தினாய்?' என்றும் இராவுணவின்போது கேளுங்கள். பிள்ளை விடை தேடும் அச்சிறு நேரமே பாவனைக்குத் தொடக்கமாகும்.