ஸ்தாவரங்களும் சேஷபூதர்களே

ஸ்தாவரங்களுக்கு உயிரும் உணர்வும் உண்டோ? தொடுவுணர்வு ஒன்றே உடைய உயிர்களாகப் புல்லையும் மரத்தையும் அன்றே வகுத்தது தொல்காப்பியம். தூண்டினால் செடியும் எதிர்வினை காட்டுமென 1901இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கருவி கொண்டு காட்டினார் ஜகதீஸ் சந்திர போஸ்.

கருவி காட்டுவது உணர்வை. உணர்பவனைக் காட்டுவது சாஸ்திரம். தேவ, மனுஷ்ய, திர்யக், ஸ்தாவர சரீரங்கள் நான்கிலும் உறைகின்ற ஜீவாத்மா ஞானஸ்வரூபனே. கர்மத்தால் அவனுடைய தர்மபூத ஞானம் ஸ்தாவரத்தில் மிகவும் சுருங்கியுள்ளது என்பது எம்பெருமானார் தரிசனம்.

நம் காட்டுப்பாக்கத்துக்கு அருகே, பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சிநம்பிகள், நந்தவனம் அமைத்துக் கச்சிப் பேரருளாளனுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்தருளினார். அவ்வழியில் நிற்கும் நாம், திருத்துழாயைக் கிளை முறியாமல், திருவாராதனத்துக்கு வேண்டுமளவே, மெல்லக் கொய்வோம். அச்செடியிலுள்ள ஜீவனும் நம்மைப்போல் அவனுக்கே சேஷபூதன். நம் கைங்கர்யத்தில் அவனும் பங்காளன்.