தானக் கறி

அமெரிக்காவில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் மான் வேட்டை களைகட்டும். சுட்ட மானை ஏழைகளுக்கென்று கொடுத்துவிடுவது அங்கே பல மாநிலங்களில் வழக்கம். பென்சில்வேனியாவில் இதற்கென்றே ஓர் அமைப்பு 1991 முதல் இயங்குகிறது. வேட்டைக்காரர் மானைக் கறிக்கடையில் இறக்கிவிட்டுப் போவார். கடைக்காரர் தோலுரித்து, எலும்பு நீக்கி, பெரும்பாலும் கொத்துக்கறியாக அரைத்துப் பொட்டலம் கட்டுவார். அது உணவு வங்கிக்குப் போகும். கறி வாங்க வழியில்லாத வீட்டுக்கு இது பெரிய உதவி. வேட்டை என்றாலே நமக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சிறையும்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் இந்தக் கொடையை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

என்னை யோசிக்க வைத்தது 2008-இல் வடக்கு டகோட்டாவில் நடந்தது. பிஸ்மார்க் நகர மருத்துவர் ஒருவர், தானமாக வந்த கொத்துக்கறிப் பொட்டலங்களை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தார். பலவற்றில் ஈயத் துணுக்குகள். ஈயத் தோட்டா மானின் உடலில் பாய்ந்ததும் சிதறிவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப்போய்ப் பதியும். அரைத்தால் கறி முழுக்கக் கலந்துவிடும். இருப்பில் இருந்த கறியைக் கொட்டிவிடும்படி உணவு வங்கிகளுக்கு மாநில அரசு சொன்னது.

ஏழைகளின் சோற்றில் மண் போட்டுவிட்டார்களே என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு. அம்மாநிலத்தில் 738 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, வேட்டைக் கறி உண்பவர்களிடம் ஈயம் சற்றே கூடுதலாக இருந்தது; அன்றைய எச்சரிக்கை அளவை ஒருவரும் தாண்டவில்லை. ஆனால் குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்டவர்களும் இந்தக் கறியைத் தவிர்க்க வேண்டும் என்று அரசே அறிவுறுத்தியது.

வேட்டைக்காரரும் அதே கறியைத்தானே தின்கிறார் என்பார்கள். உண்மைதான், அவர் மனதில் வஞ்சகம் இல்லை. ஆனால் குண்டு எங்கே பாய்ந்தது என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டி எறியலாம், வேண்டாமென்றால் சாப்பிடாமலும் இருக்கலாம். வரிசையில் நின்று பொட்டலம் வாங்கும் தாய்க்கு இதில் எதுவுமே இல்லை. கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை இரவோடு இரவாக இல்லங்களுக்கு அனுப்பும் நாமும், எத்தனை மணிக்கு வடித்த சோறு என்று சொல்லி அனுப்புகிறோமா?

பசியோடு இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார். அதனாலேயே கேட்க வேண்டிய கடமை கொடுப்பவர் தலையில் விழுகிறது. மினசோட்டாவில் தானக் கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். செலவு பிடிக்கும் வேலைதான், இருந்தும் செய்கிறார்கள். அதைவிட எளிய வழி வேட்டைக்காரர் கையிலேயே இருக்கிறது. செம்புத் தோட்டா அவ்வளவாகச் சிதறாது, கடைகளிலும் கிடைக்கிறது. தானத்துக்கென்று சுடுகிறவர் அதைக்கொண்டே சுடட்டும். ஈயம் பாய்ந்த கறியை உணவு வங்கிகள் வாங்கவே கூடாது.