பிள்ளை யாருக்குக் கடன்பட்டவன்?

பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான் என்பது பெற்றோருக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி. அந்த மகிழ்ச்சியின் அடியில் ஒரு கணக்கும் கிடக்கிறது என்பதை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான மறுநாள் விடத்தல்தீவில் ஒரு தந்தை நம்மைத் தேடி வந்தார். கடற்றொழிலாளி, ஐம்பது வயதை எட்டியவர். மகனுக்கு மூன்று பாடங்களிலும் சித்தி. ஆயினும் பல்கலைக்கழகம் புகுவதற்கு இசட் புள்ளி போதவில்லை. படகு எஞ்சின் திருத்தும் வேலை பழக வேண்டுமென்பது மகனின் விருப்பம். இன்னொரு தரம் பரீட்சை எழுதவேண்டுமென்பது தந்தையின் பிடிவாதம். மூன்று தரம் எழுதலாமே என்றார் அவர்.

"நான் விட்ட இடத்தில இருந்து இவன் படிக்கணும், சேர். என்ட படிப்ப இவன்தான் முடிக்கணும்."

மகன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

அவர் விட்ட இடம் எது? 1990 ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, 70,000க்கு மேற்பட்ட மக்களை, ஊரைவிட்டு விரட்டினார்கள். விடத்தல்தீவு முஸ்லிம்களும் அவ்வாறே போனார்கள். அப்போது அவர் சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய வகுப்பில் இருந்த சிறுவன். புத்தகங்கள் இங்கே கிடந்தன. அவரோ கற்பிட்டியில் வெங்காயத் தோட்டங்களில் கூலியாளானார். போர் முடிந்தபின் குடும்பத்தோடு திரும்பி வந்து மறுபடியும் வலையைத் தொட்டார். அந்நாளில் தமிழர் சமூகம் வாய்மூடி இருந்தது. அந்த மௌனத்தைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதவேண்டும். அதை எழுதத் தமிழாசிரியர்களாகிய நாம் இதுவரை அவசரப்படவில்லை என்பதை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே அவருடைய துயரம் நியாயமானது. அதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால் நியாயமான துயரம் பிள்ளையின்மீது ஒரு நியாயமான உரிமையாகிவிடுமா? இதுவே நம் கேள்வி. தந்தையின் படிப்பைப் பறித்தவன் மகன் அல்லன். 2000ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த இளைஞன் அவன். ஆயுதம் ஏந்தியவர்கள் செய்த கொடுமைக்கும், மக்களை முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கவிட்ட அரசுகளின் அலட்சியத்துக்கும், அயலவர்களின் மௌனத்துக்கும் சேர்த்து வட்டி கட்ட அவன் ஒருவனே அகப்பட்டான்! கடன்காரன் எட்டாத இடத்தில் இருக்கும்போது கைக்கெட்டிய பிள்ளையிடம் வசூலிப்பது மனித இயல்புதான். இயல்பு என்பதால் அது அறமாகிவிடாது.

இந்த மனோபாவம் நம் மரபில் ஆழ வேரூன்றியது. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஒவ்வொருவருக்கும் உரிய கடனை வகுக்கிறார். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, வேல் செய்யும் கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று. கடைசியில் மகனுக்கு வருவது போர்க்களம். எல்லாரும் சேர்ந்து அவனுக்குச் செய்ததற்கெல்லாம் ஈடாக அவன் யானையை வீழ்த்தி மீளவேண்டும். வகுப்பில் இப்பாட்டை நாம் பெருமிதத்தோடு நடத்தியிருக்கிறோம். ஆனால் நாம் நிற்கும் ஊர் எது? 2008 ஜூலையில் இராணுவம் கைப்பற்றும்வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர். போரின் கடைசி ஆண்டுகளில் வன்னிப் பெருநிலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகப் பிள்ளைகளைக் கேட்டார்கள். பள்ளிக்கூடம் முடியும் வயதே பெற்றோர் அஞ்சும் வயதாயிற்று. பிடித்துச் செல்லாதிருக்க அவசர அவசரமாகக் கலியாணம் செய்துவைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். சங்கப் பாட்டின் கடன் இங்கே எழுத்துக்கு எழுத்து வசூலிக்கப்பட்டது. அந்த அனுபவத்துக்குப் பின்னும் பிள்ளை கடன்பட்டவன் என்ற சொல்லை நாம் இவ்வளவு எளிதாக எப்படிச் சொல்கிறோம்?

இன்று போர்க்களத்தின் இடத்தில் பரீட்சை மண்டபம் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல, ஒன்றில் உயிர் போகும், மற்றதில் சில ஆண்டுகள் போகும். கேட்பவரின் குரல் மட்டும் மாறவில்லை.

இதைச் சொல்லும்போது நம் மனச்சாட்சி ஒரு தடையை எழுப்புகிறது. ஏழை மீனவன் மகனுக்கு எஞ்சின் வேலை போதும் என்று உபதேசிக்கும் ஆசிரியன் தன் பிள்ளையை அப்படி விடுவானா? விடமாட்டான்; ரியூசனுக்கு அனுப்புவான். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அதன் பொருள் என்ன? கல்வி ஏழைக்கும் உரியது, அதற்காக அவன் எவருக்கும் கடன்பட வேண்டியதில்லை என்பதன்றோ? மன்னார் மாவட்டம் கல்வி வசதியில் பின்தங்கியது என்று அரசே கூறி, அத்தகைய மாவட்டங்களுக்கெனப் பல்கலைக்கழக இடங்களில் 5 வீதத்தை ஒதுக்கியிருக்கிறது. கடன் யார் தலையில் என்பதற்கு அதுவே வாக்குமூலம். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கும், இடைநின்ற தலைமுறைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

பையன் விரும்பும் கடலும் உறுதியானதன்று. அடிமட்ட இழுவை மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்த பின்னரும் இந்திய றோலர்கள் வந்து வலைகளை அறுத்துச் செல்வது நின்றபாடில்லை. 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட விடத்தல்தீவின் 29,180 ஹெக்டேயரில், இறால், நண்டு போன்றவற்றைப் பண்ணைகளில் வளர்ப்பதற்கென்று 168 ஹெக்டேயரை விடுவிக்க 2024இல் முயற்சி நடந்தது. கண்டல் காடு போனால் கரையோரத்து மீனும் போகும். மீன் போனால் திருத்துவதற்கு எஞ்சின் ஏது? எனவே அவன் படிக்கட்டும், வேண்டுமானால் மறுபடியும் எழுதட்டும். ஆனால் எழுதுவது தன் கணக்கில் இருக்கட்டும். தோற்றால் தன் தோல்வியாகவே இருக்கட்டும். இரண்டு தலைமுறையின் தோல்வியை ஒரு விடைத்தாளில் சுமக்க எந்தப் பிள்ளையாலும் இயலாது.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடம் நாம் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை நமக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. மகனிடம்தான் கேட்டோம், உனக்கு எழுத விருப்பமா என்று.

"வாப்பா சொன்னா எழுதுறன், சேர்."

இந்தப் பதில் தந்தைக்கே பிடிக்கவில்லை போலும், முகம் சுருங்கியது. "நானா, நீங்க விட்ட இடத்தில இருந்து நீங்களே தொடங்கலாமே. சாதாரண தரத்துக்கு வயசெல்லை இல்லை, வெளியில இருந்தும் எழுதலாம்" என்றோம். அவர் உரக்கச் சிரித்தார். அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையனும் சிரித்தான். மகன் மறுபடி எழுதுவதா, எஞ்சின் பழகுவதா என்பது அன்று முடிவாகவில்லை. இருவரும் படலைவரை போனார்கள். தந்தை மட்டும் திரும்பி வந்து, மகன் காதில் விழாத குரலில் கேட்டார்:

"கணக்குப் பாடம் கட்டாயமா, சேர்?"