கேட்க ஓர் ஆள்

வாசிக்கப் பழகும் பிள்ளையிடம் நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறோம். புத்தகத்தைக் கையில் கொடுத்து, "எங்கே, படி பார்க்கலாம்" என்கிறோம். நமக்கு அந்தக் கதை தெரியும். கொக்கு மீன்களை ஏமாற்றும், கடைசியில் நண்டிடம் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் தெரியும். முடிவு தெரிந்த ஆள் கதை கேட்க வந்து உட்கார்ந்தால், அவர் கதைக்காக வரவில்லை, சோதிக்க வந்திருக்கிறார் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். அதற்குப் பிறகு அது கொக்கைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைப் பார்க்கிறது.

பயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எழுத்து தெரியாத பிள்ளைகளைவிட, எழுத்து தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தோல் தொழில் நடக்கும் ஆம்பூரில், பிள்ளை வாசிப்பதைக் கேட்க வீட்டில் ஆள் கிடைப்பதும் கஷ்டம். விடிந்ததும் ஷூ கம்பெனி வண்டிகள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றி வரும். கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று பகல் முழுக்கப் போய்விடும். ஓ.டி. இருந்தால் இன்னும் நேரமாகும். அம்மா வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளைக்குப் பாதித் தூக்கம். பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒரு பக்கம், பேரணாம்பட்டு ஒரு பக்கம், ராணிப்பேட்டை ஒரு பக்கம் என்று போனாலும், இந்தத் தோல் ஊர்களின் பொழுது ஒன்றாகத்தான் ஓடுகிறது. தினமும் தூங்குமுன் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டுங்கள் என்று குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் சொல்கின்றன. நல்ல யோசனைதான். நாளெல்லாம் மெஷின்மேல் குனிந்திருந்துவிட்டு வந்து உலை வைப்பவளிடம் இதை யார் போய்ச் சொல்வது?

தமிழ் எழுத்து எளிது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஓரளவு உண்மை. 247 என்று மிரட்டும் எண்ணிக்கையில் 216, பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் பெருக்கி வந்தவை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின் ணை, லை, னை போன்றவற்றுக்கு இருந்த தனிச் சுழிப்புகளும் போயின. ஆனால் கொம்பு போகவில்லை. 'கெ' என்று எழுதியிருந்தால், இடமிருந்து வலம் போகும் கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வரவேண்டியதோ 'க்'. 'கொ' இன்னும் சிக்கல். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாசிக்கும்போது அதன் விரலைக் கவனியுங்கள். கொம்புக்கு அடியில் வந்து நிற்கும். அடுத்து என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து, அதற்கும் அடுத்து கால் இருக்கிறதா என்று பார்த்து, திரும்பி வந்து ஒலியைக் கட்டும். அந்த இடைவெளியில் பிள்ளை சும்மா இருக்கவில்லை. நமக்குத்தான் பொறுக்காது. "கொ... கொக்கு!" என்று நாமே சொல்லிவிடுவோம்.

மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசின. அவர் ஆராய்ந்தது அறிவியல் பாடம். கொம்பில் நிற்கும் விரலுக்கும் அது பொருந்தும் என்பது என் கணிப்பு. மூன்று விநாடி என்பது சொல்லும்போது சின்னதாக இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும்.

எங்கள் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வரும் ஷூ மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுப்பவர், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் தோல், இரண்டு கையிலும் ஊசி, மெழுகு தடவிய நூல். கண்ணும் கையும் தோலை விட்டு நகராது. காது மட்டும் சும்மா இருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பள்ளியில் கொடுத்த கதைப் புத்தகத்தைப் பிரிப்பாள். ஒருநாள் அவள் காலை விட்டுவிட்டு, 'குளத்தில் ஒரு கெக்கு நின்றது' என்று வாசித்தாள்.

"இன்னா சொன்ன? கொளத்துல கேக்கு நின்னுச்சா?" என்றார் ஆயா.

பேத்தி சிரித்துவிட்டாள். விரலை முதலிலிருந்து வைத்து மறுபடி வந்தாள். "கொக்கு ஆயா, கொக்கு!"

"அப்டி சொல்லு. எத்தினி கொக்கு?"

யாரும் தப்பு என்று சொல்லவில்லை. கேட்டவருக்கு அர்த்தம் ஆகவில்லை, அவ்வளவுதான். குளத்தில் கேக்கு நிற்காது என்பதால் பிள்ளை தானே போய்க் காலைக் கண்டுபிடித்துக்கொண்டாள். திருத்தும் வேலையைக் கதையே செய்துகொண்டது. அடுத்த நாள் ஆயா, "நேத்து அந்த நண்டு தப்பிச்சிதா இல்லியா, நான் பாதியில எழுந்து பூட்டேன்" என்று கேட்க, அதே கதையை மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. மறுபடி வாசித்தபோது விரல் கொம்புகளில் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. ஒரே பாடத்தைப் பல தடவை வாசித்தால் சரளம் வரும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். இதைத் திரும்ப வாசி என்று சும்மா சொன்னால் எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்கும். நிஜமாகவே கதையைத் தவறவிட்ட ஒருவர் கேட்டால் சுளிக்காது.

1999-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகள் நூலகத்தில் பழக்கிய நாய்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டவேண்டும். நாய் குறுக்கே பேசாது, திருத்தாது, சிரிக்காது. பிள்ளைக்குக் கூச்சம் விட்டுப்போகும். இப்போது பல நாடுகளில் நடக்கிறது. முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் ஆயாக்கள் ஒரு படி மேல். நாய்க்கு நண்டைப் பற்றிக் கவலை கிடையாது.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்பார்கள். நமக்குப் புதிதில்லை. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் விடுதிக்குக் கொண்டுபோனார், பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஆசிரியராக்கினார், 1797-இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது. எழுத்தைச் சொல்லிக்கொடுக்க நல்ல முறைதான். ஆனால் நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வாத்தியாரைவிட அவன் குட்டுதான் வலிக்கும். நாலாம் வகுப்பு அக்கா, ஒன்றாம் வகுப்புத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் இன்றும் அப்படியே. தான் பட்டதையெல்லாம் தம்பிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இந்த ஊர்களில் இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் பேச்சு உருது. காலையில் மதரஸாவில் வலமிருந்து இடமாக ஓதிய பிள்ளை, பத்து மணிக்கு இடமிருந்து வலமாகத் தமிழ் படிக்கிறது. 2006-இல் வந்த சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கிய பிறகு தமிழ் படிப்பது எல்லாப் பள்ளிக்கும் பொது. அந்தப் பையன் 'கொக்கு' என்று பிசகில்லாமல் எழுத்துக் கூட்டிவிடுவான். 'கெக்கு' என்று வாசித்திருந்தாலும் அவனுக்குச் சிரிப்பு வராது, ஏனென்றால் 'கொக்கு' என்ற சொல்லுக்குப் பின்னால் அவனுக்குப் பறவை எதுவும் இல்லை. அவனுக்கு முதலில் வேண்டியது தமிழில் கேட்பதும் பேசுவதும்தான். தெருவில் விளையாடும்போது அது கிடைத்துவிடும், புத்தகத்தின் 'சென்றான்', 'நின்றது' மட்டும் தெருவில் கிடைக்காது. இதில் உருது பேசும் பாட்டியால், அவனுடைய நானிம்மாவால், உதவ முடியாது. அவனுக்குத் தமிழில் கதை சொல்ல ஒருவர் வேண்டும், புத்தகம் அப்புறம்.

அரசு சும்மா இருக்கவில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2023-இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகக் கதைப் புத்தகங்கள் போட்டது. மெல்லிசான, படம் நிறைந்த, ஒரே மூச்சில் முடிந்துவிடும் புத்தகங்கள். ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன் என்று சொல்லும் சுகத்தைச் சிறு வயதிலேயே கொடுப்பதால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அரும்பு, மொட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. வகுப்பில் யார் அரும்பு என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிறது. பூப் பெயர் வைத்தாலும் பிள்ளை கணக்குப் போட்டுவிடும்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு உபயோகப்படத் தொடங்கும்போது அதன் நடையே மாறுவதையும் பார்த்திருக்கிறேன். பஸ் போர்டு படித்துச் சொல்வது, கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் படிப்பது எல்லாம் பெருமைதான். இதற்கும் எல்லை வேண்டும். குழுக் கடன் பாஸ்புக்கைக் கொடுத்து இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் படிக்கச் சொல்லும் வீடும் இருக்கிறது. அந்தப் பிள்ளை எழுத்துப் பிழையில்லாமல் படித்தது. அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத்தான் முடியவில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கவேண்டும் என்றது. ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள்தான். அந்தக் காப்பகங்களில் பாயோடு படப் புத்தகமும் பத்து இருந்தால், பிள்ளை ஒன்றாம் வகுப்பு போகுமுன்பே பக்கம் புரட்டப் பழகிவிடும், சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்க்கும் அம்மாவிடம் படத்தைக் காட்டித் தானே ஒரு கதை சொல்லும். காப்பகம் ஒன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "கிழிச்சிடுங்களேம்மா" என்றார். கிழிக்கட்டுமே என்றேன். "உங்களுக்கென்ன, எங்கிட்ட இல்ல கணக்கு கேப்பாங்க" என்றார். கிழிந்த புத்தகத்துக்குக் கணக்குக் கேட்காத ஒரு மேனேஜரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.