சம்மதம் இருந்தால் விலை நியாயமாகிவிடுமா?

பஸ்ராவில் யூனுஸ் இப்னு உபைத் என்றொரு துணி வியாபாரி இருந்தார். அவர் கடையில் நானூறு திர்ஹம் துணியும் உண்டு, இருநூறு திர்ஹம் துணியும் உண்டு. ஒருநாள் கடையைச் சகோதரர் மகனிடம் விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனார். அந்த நேரத்தில் பாலைவனத்து அரபி ஒருவர் வந்து நானூறு திர்ஹத்தில் துணி கேட்டார். பையன் இருநூறு திர்ஹம் துணியை எடுத்துப் போட்டான். வந்தவருக்குப் பிடித்துப்போயிற்று. நானூறைக் கொடுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். வழியில் எதிர்ப்பட்ட யூனுஸ், அது தம் கடைத் துணி என்று கண்டுகொண்டு விலையைக் கேட்டார். இது இருநூறுக்கு மேல் பெறாது, திரும்பி வாருங்கள் என்றார். எங்கள் ஊரில் இது ஐந்நூறு பெறும், எனக்கு முழுத் திருப்தி என்றார் அரபி. யூனுஸ் விடவில்லை. கடைக்கு அழைத்துப்போய் இருநூறு திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சம்மதித்துத்தானே வாங்கினார் என்று பையன் வாதாடியபோது, உனக்கு விரும்புவதை அவருக்கும் விரும்பியிருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டார்.

1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைச் சொல்லுமிடத்தில் இந்த நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். நான் ஆம்பூரில் தோல் சாமான்கள் தைக்கும் சிறு பட்டறை நடத்துபவன். பெல்ட், பர்ஸ், வாட்ச் ஸ்டிராப் எல்லாம் எங்கள் வேலை. இப்போது வரும் ஸ்டிராப் ஆர்டர்களில் பெரும்பகுதி ஸ்மார்ட் வாட்சுக்குத்தான். அதனால் விலை நியாயம் பற்றிய கேள்வி என் மேசைக்கு அடிக்கடி வருகிறது. அண்மையில் அது வீட்டுக்குள்ளேயே வந்தது. தங்கை மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய பொருள்களில் ஒன்று ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா. 2022-இல் அது இந்தியாவுக்கு வந்தபோதே விலை 89,900 ரூபாய். “அண்ணே, ஆம்பிளைக்குத் தங்கம் ஆகாதுன்னு மோதிரம் வேண்டாம்னுட்டாங்க. வாட்சுதானேன்னு நினைச்சேன். ஒரு வாட்சுக்கு இவ்வளவு விலை வைக்கிறது மார்க்கத்துல சரியா?” என்று தங்கை கேட்டாள்.

பணம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. சரியா என்று கேட்டாள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த பொருளிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வாட்ச் ஸ்டிராப்புக்கு இரண்டு துண்டுத் தோல் வேண்டும். நீளத் துண்டு பன்னிரண்டு சென்டிமீட்டர், குட்டைத் துண்டு எட்டு, அகலம் இரண்டரைக்குள். உள்பக்கம் கொடுக்கும் லைனிங்கையும் சேர்த்தால் நூறு சதுர சென்டிமீட்டர்தான் வரும். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கும் சரக்கு. ஒரு சதுர அடி என்பது 929 சதுர சென்டிமீட்டர். வெட்டில் போகும் கழிவையும் வடுவுள்ள இடத்தையும் தாராளமாகத் தள்ளினாலும் கால் சதுர அடிக்கு மேல் ஆகாது. உயர்ந்த தோல் என்றாலும் கால் சதுர அடி யாரையும் ஏழையாக்கிவிடாது. ஆகவே, விலையுயர்ந்த ஸ்டிராப்பின் விலை தோலில் இல்லை.

கையில் இருக்கலாம். ஓரங்களை மெஷினில் மெலிதாகச் சீவி, ஒட்டி, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வரும்படி தைப்பது சேணம் தைப்பவர்களின் தையல். ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல்போல வரிசையாக விட்டுப்போகாது. பிறகு ஓரத்துக்குச் சாயம் பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் சில மாதங்களில் ஓரம் வெடித்து உரியும். நல்ல கைகாரர் ஒருவர் இப்படி ஒரு ஜோடியை முடிக்க அரைநாளுக்கு மேல் ஆகும். அந்த அரைநாளுக்கு அவர் குடும்பம் கண்ணியமாக வாழும் கூலியைச் சேர்த்து விலை சொன்னால், அதை யாரும் கொள்ளை என்று சொல்ல முடியாது. சம்பாத்தியம் என்பது மனித உழைப்பின் மதிப்புதான் என்று இப்னு கல்தூன் பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

விலை அதிகம் என்பதாலேயே பாவம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் போய் விலையை நிர்ணயித்துத் தரச் சொன்னார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. எவருக்கும் அநீதி இழைத்த பொறுப்போடு தாம் அவனைச் சந்திக்க விரும்பவில்லை என்பது அவர்கள் சொன்ன பதிலின் சாரம். குர்ஆனும் வியாபாரத்துக்கு அடிப்படையாக இருதரப்புச் சம்மதத்தைத்தான் வைக்கிறது. ஆகவே ஒருவர் தம் வாட்சுக்கு ஒரு லட்சம் சொல்லலாம், பத்து லட்சமும் சொல்லலாம். வேண்டாதவர் வாங்காமல் போகலாம்.

ஆனால் அதே மதீனா சந்தையில் வேலிகளும் இருந்தன. வெளியூர் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே வழிமறித்து, சந்தை விலை தெரிவதற்கு முன் சரக்கை வாங்கிவிடுவது தடுக்கப்பட்டது. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்பது தடுக்கப்பட்டது. நபிகள் நாயகம் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. ஜனங்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வேலிகள் எதுவும் இவ்வளவு லாபம் போதும் என்று கோடு கிழிக்கவில்லை. வாங்குபவருக்கோ விற்பவருக்கோ தெரிய வேண்டியது தெரியாமல் போகக் கூடாது என்பதையே இவை எல்லாம் காக்கின்றன. இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய நினைப்பும் அன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைச் சொல்லவந்த பட்டினப்பாலை, அவர்கள் விலையை ஒளிக்காமல் சொன்னதையும் அவர்களுடைய பெருமையாகவே சொல்கிறது.

சம்மதம் வேண்டும், தெரிந்து கொடுத்த சம்மதமாகவும் அது இருக்க வேண்டும். இந்த அளவுகோலோடு ஸ்மார்ட் வாட்சுக்கு வருவோம்.

2015 ஏப்ரலில் ஆப்பிள் வாட்ச் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. அலுமினிய வாட்ச் 349 டாலரில் தொடங்கியது. எடிஷன் என்ற பெயரில் 18 காரட் தங்க வாட்சும் வந்தது. அது 10,000 டாலரில் தொடங்கி 17,000 வரை போனது. இரண்டுக்குள்ளும் ஒரே சிப்தான், செய்யும் வேலையும் ஒன்றுதான். இதை நிறுவனம் மறைக்கவில்லை; தங்கத்துக்காகவே அந்த விலை என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். இந்த அளவில் நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த ஆண்டு செப்டம்பரில் தங்க வாட்ச் விற்பனையிலிருந்து போனது. 2018 செப்டம்பரில் வந்த வாட்ச்ஓஎஸ் 5 மென்பொருள், முதல் தலைமுறை வாட்சுகள் எதிலும் ஏறவில்லை. 349 டாலர் வாட்சுக்கும் 17,000 டாலர் வாட்சுக்கும் ஒரே நாளில் கதவு சாத்தப்பட்டது. வந்து மூன்றரை ஆண்டுகூட நிறையவில்லை.

நனைந்த தானியம் இங்கேதான் இருக்கிறது. தங்கக் கடிகாரம் என்றால் தலைமுறைக்கு நிற்கும் என்பது பல நூறு ஆண்டுகளாகச் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் சம்பாதித்துவைத்த நம்பிக்கை. என் அத்தாவின் எச்எம்டி இன்றும் சாவி கொடுத்தால் ஓடுகிறது. அதைச் செய்த நிறுவனத்தின் கடிகாரப் பிரிவு 2016-இல் மூடப்பட்ட பிறகும் பழுது பார்க்க ஆள் இருக்கிறார். ஸ்மார்ட் வாட்சின் ஆயுள் அப்படி இல்லை. பேட்டரி தேயும், சிப் பழசாகும், மென்பொருளை நிறுவனம் ஒருநாள் நிறுத்தும். விலையை மட்டும் பழைய கடிகாரத்தின் உலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு, ஆயுளைக் கைப்பேசியின் உலகத்திலிருந்து எடுத்துக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. எத்தனை ஆண்டு என்று பெட்டியின்மேல் எழுதியிருந்தால், வாங்கியவர் அறிந்து வாங்கினார் என்று விட்டுவிடலாம். எழுதவில்லை.

வாங்கியவர்கள் பணக்காரர்கள், அவர்களுக்கு நஷ்டம் உறைக்காது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். யூனுஸிடம் வந்த அரபியும் தாம் நஷ்டப்பட்டதாக நினைக்கவில்லை. லாபம் என்றே நினைத்தார். ஆனாலும் யூனுஸ் திருப்பிக் கொடுத்தார். வாங்கியவர் முகத்தில் இருந்த திருப்தி தம் கணக்கைத் தீர்த்துவிடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தமக்குத் தெரிந்து எதிரே நிற்பவருக்குத் தெரியாத ஒன்று இருக்கும்வரை, அதைச் சொல்லும் கடமை விற்பவரோடு இருக்கிறது. வாங்குபவர் ஏழையா பணக்காரரா என்பதால் அந்தக் கடமை கூடுவதோ குறைவதோ இல்லை.

இது நடக்காத காரியம் அல்ல. ஸ்விட்சர்லாந்தின் டாக் ஹாயர் 2015-இல் 1,500 டாலருக்கு ஒரு ஸ்மார்ட் வாட்சைக் கொண்டுவந்தபோது, இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு 1,500 டாலர் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு இயந்திரக் கடிகாரம் தருவதாக அறிவித்தது. அதில் வியாபார சாமர்த்தியமும் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பொருள் நெடுநாள் நிற்காது என்பதை விற்கும்போதே ஒப்புக்கொண்ட நேர்மையும் அதில் இருந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் சாதனங்களைச் செய்பவர்கள் குறைந்தது எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்று அறிவித்தாக வேண்டும் என்பது சட்டம். ஈரத்தை மேலே வை என்று மதீனா சந்தையில் சொன்னதைத்தான் அந்தச் சட்டம் இன்றைய பொருளுக்குச் சொல்கிறது.

பட்டைகளின் கதை வேறு. ஒரு பட்டைக்கு மென்பொருள் சாவு இல்லை. 2015 அக்டோபரில் ஆப்பிளும் எர்மெஸும் சேர்ந்து விற்ற வாட்சில், கையை இரண்டு சுற்று சுற்றும் தோல் பட்டையோடு 38 மில்லிமீட்டர் வாட்சின் விலை 1,250 டாலர். அதே அளவு எஃகு வாட்ச் ரப்பர் பட்டையோடு 549. எழுநூறு டாலர் வித்தியாசம். எர்மெஸ் 1837-இல் பாரிஸில் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம். அதன் கைவேலையை மதிப்பவன் நான். அந்த எழுநூறில் எவ்வளவு தைப்பவர் கைக்குப் போகிறதோ, அதுவரை அந்த விலைக்கு நானே வக்காலத்து வாங்குவேன். மீதி பெயருக்கான விலை. பெயருக்குத் தெரிந்தே கொடுப்பவரைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை.

2023 செப்டம்பரில் ஆப்பிள் தோலை விட்டது. கார்பன் வெளியீட்டைக் குறைக்க என்று காரணம் சொன்னது; அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 99 டாலருக்கு விற்ற காந்தத் தோல் பட்டை போய், மறுசுழற்சி இழையில் நெய்த பட்டை வந்தபோது, அதன் விலையும் 99 டாலர்தான். பொருள் மாறியது, உழைப்பு மாறியது, விலை மட்டும் மாறவில்லை. அப்படியென்றால் பொருளையும் உழைப்பையும் கணக்குப் பார்த்து வைத்த விலை அன்று அது.

நியாயமான விலைக்குள் இன்னொன்றும் இருக்க வேண்டும். அதை ஆம்பூர்க்காரன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? எங்கள் பாலாறு பல்லாண்டுகள் தோல் கழிவைச் சுமந்தது. அந்தச் செலவு எந்தச் செருப்பின் விலையிலும் எந்தப் பட்டையின் விலையிலும் ஏறவில்லை. கரையோரத்துக் கிணறுகள் கொடுத்தன. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஓர் உயர்ந்த விலை கழிவுநீரைச் சுத்தம் செய்யவும் முழுக் கூலி கொடுக்கவும் செலவாகிறதென்றால், மலிவான விலையைவிட அதுவே நீதியான விலை.

வாங்குபவரின் பக்கமும் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு ஜெனீவாவில், கால்வினின் சீர்திருத்தம் நகை ஆடம்பரத்தை ஒடுக்கியபோது, பொற்கொல்லர்கள் கடிகாரம் செய்வதற்குத் திரும்பினார்கள் என்பது கடிகார வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. நேரம் காட்டும் பொருள் என்பதால் அது தப்பித்தது. எங்கள் சமுதாயத்திலும் ஒரு குண்டுமணித் தங்கம் அணியாத ஆண், லட்ச ரூபாய் வாட்சைக் கூச்சமில்லாமல் கட்டிக்கொள்கிறார். சட்டப்படி ஒன்றும் தவறில்லை. நல்ல உடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையாகாது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான். சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இளப்பமாகப் பார்ப்பதும்தான் பெருமை என்று நபிகள் நாயகம் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே வாங்குபவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது விலையைப் பற்றி அல்ல. கட்டிய பிறகு, அது இல்லாத கையை என் கண் எப்படிப் பார்க்கும்?

தங்கையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு ஓட்டம், நீச்சல் பழக்கம் உண்டா, இதய மின்னலை (ஈசிஜி) பார்க்கும் வசதி அவருக்குத் தேவையா என்று கேட்டேன். இல்லை, கூட்டாளிகள் கட்டியிருக்கிறார்களாம் என்றாள். அப்படியானால் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடமே பேசு, அவர் நல்ல பிள்ளை என்றேன். கடன் வாங்கி இன்னொருவருடைய கூட்டாளிகளுக்கு நீ கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

என் தீர்ப்பு இதுதான். ஸ்டிராப்பின் உயர்ந்த விலை, தைத்த கைக்கும் ஓடும் ஆற்றுக்கும் போய்ச் சேர்ந்தால் நியாயம். ஸ்மார்ட் வாட்சின் ஆடம்பர விலை, அது எந்த ஆண்டுவரை உயிரோடு இருக்கும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதும்வரை நியாயமாகாது. எழுதட்டும், அதன் பிறகு என்ன விலை வேண்டுமானாலும் சொல்லட்டும். வாங்கப் போகும் நாமும் கடைக்காரரிடம் தள்ளுபடியைக் கேட்பதற்கு முன் அந்த ஆண்டைக் கேட்போம். பதில் இல்லையென்றால் பணத்தை எடுக்க வேண்டாம்.